அடுப்பைவிட எரிபொருள் பாட்டிலைக் கவனியுங்கள்

கேள்வி: ஆகஸ்டில் நான், மச்சான், அவனுடைய நண்பர் என மூன்று பேர் லடாக்கில் 7 நாள் மலைநடை போகிறோம். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டிலும் எரியும், பம்ப் அடித்துப் பற்றவைக்கும் சின்ன அடுப்பு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். கூடவே 600 மி.லி. அலுமினிய பாட்டில் ஒன்று. கோவையிலிருந்து டெல்லி, அங்கிருந்து லே, எல்லாம் விமானம்தான். எரிபொருள் எவ்வளவு வேண்டும், எதில் எடுத்துப்போவது? "பெட்ரோலே போதும், பாட்டிலில் கொள்ளாததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கலாம்" என்கிறான் மச்சான். பைக்குள் ஒழுகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போவதற்கு முன் வால்பாறைப் பக்கம் காட்டில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா, ஐயா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

உங்கள் பயம் நியாயமானது. இந்த வகை அடுப்பில் விபத்து என்றால் எல்லோரும் பர்னரைத்தான் நினைக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் தொடங்குவது பாட்டிலில்: கழுத்துவரை நிரப்பியது, மூடி சரியாக உட்காராதது, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றியது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து ஒரு சொட்டு எரிபொருளும் கிளம்பக் கூடாது, லேயில் வாங்குங்கள். பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெய். அடுப்புக் கம்பெனியின் அதே 600 மி.லி. பாட்டில் இன்னும் இரண்டு வாங்குங்கள், மூன்றிலும் 450 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது. சோதனையை வால்பாறையில் அல்ல, வீட்டு மொட்டை மாடியில் செய்யுங்கள்.

ஏன் மண்ணெண்ணெய்? எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பெட்ரோலிலிருந்து மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரியாவது வேண்டும். லடாக்கின் சாயங்காலக் குளிரில், 8, 10 டிகிரியில், கல்லின் மேல் சிந்திய மண்ணெண்ணெயில் ஒரு பொறி விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் சிந்தியது பெட்ரோல் என்றால், அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்துபோய் எட்ட எரியும் அடுப்பைத் தொட்டுவிட்டுத் தீயாகத் திரும்பி வரும். ஆனால் மண்ணெண்ணெயிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. துணியில் ஊறினால் துணி திரியாகிவிடும், குளிரிலும் பிடிக்கும். ஆகவே சிந்தியதைத் துடைத்த துணியை அடுப்புப் பக்கம் போடாதீர்கள்.

பெட்ரோலை ஒதுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து பாட்டிலின் அடியில் தங்கும், பம்ப்பின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். தவிர, பழைய அடுப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, ஊறி உப்பும் அல்லது இறுகி வெடிக்கும். உங்களுடையது பழையது என்பதால் இது உங்களுக்கு இன்னும் பொருந்தும். டீசல் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், புகைக்கரி அடைத்தே தீரும்.

மண்ணெண்ணெயின் குறை, பற்றவைக்கப் பொறுமை வேண்டும் என்பது. பர்னர் குழாய் நன்றாகச் சூடேறாமல் வால்வைத் திறந்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி, முழ உயரத்துக்கு மஞ்சள் தீ எழும். சூடேற்றுவதற்கு மண்ணெண்ணெயையே பர்னருக்கு அடியிலுள்ள சின்னக் கிண்ணத்தில் விட்டால் கரி அப்பிக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தினால் சுத்தமாக எரிந்து குழாயைச் சூடாக்கும், அது அணையும் தறுவாயில் வால்வை மெல்லத் திறந்தால் நீலத்தீ பிடிக்கும். கூடவே ஜெட்டையும், அதாவது ஆவி பீய்ச்சி வரும் நுண்துளை முனையையும், பாருங்கள். பெட்ரோலுக்கு ஒரு ஜெட், மண்ணெண்ணெய்க்கு அதைவிடச் சிறிய துளையுள்ள ஜெட் என்று இந்த அடுப்புகளில் தனித்தனியாக வரும். பழையதாக வாங்கியதில் எது மாட்டியிருக்கிறது, இன்னொன்று பெட்டியில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

லேயில் வீடுகளைச் சூடாக்கும் புகாரிகளுக்கு மண்ணெண்ணெய் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு ஏற்பாடு செய்யும் ஏஜென்சியிடமோ, தங்கும் விடுதிக்காரரிடமோ இரண்டு வாரம் முன்பே பேசி 2 லிட்டர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு சொட்டு விடுங்கள். பெட்ரோல் கலந்திருந்தால் மூக்குக்கு முதலில் தெரியும். சுத்தமான பெட்ரோல் சொட்டு சில நிமிடத்தில் தடயமில்லாமல் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் சொட்டு எண்ணெய்க் கறையாக மணிக்கணக்கில் நிற்கும். பெட்ரோல் பிடித்துவந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கித் தந்தால் ஏற்காதீர்கள். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே போதும், மண்ணெண்ணெய்க்கு நான் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும். பாட்டிலுக்குள் ஊற்றும்போது நெருக்கமான கண்ணியுள்ள எவர்சில்வர் டீ வடிகட்டி ஒன்றைப் புனலில் வைத்துக்கொள்ளுங்கள். கேனின் அடியில் இருக்கும் துருவும் மணலும்தான் ஜெட்டை அடைக்கும். கடைசி ஒரு விரற்கடை எண்ணெயைக் கேனிலேயே விட்டுவிடுங்கள், தண்ணீர் கலந்திருந்தால் அதில்தான் இருக்கும்.

இனி அளவு. 4000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரை அதுவரை கொண்டுபோக, காற்றுத் தடுப்பு வைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால், 30 மி.லி. மண்ணெண்ணெய் என்று கணக்கு வையுங்கள். மூன்று பேருக்குக் காலை டீ, கஞ்சி, ராத்திரி சூப்பு, சாப்பாடு, மறுபடி டீ என்று நாளுக்கு 6 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். 180 மி.லி. ஆயிற்று. 7 நாள் நடை என்றாலும் 6 ராத்திரிதான், முழுச் சமையல் 6 நாளைக்குத்தான். 1080 மி.லி. காற்று, குளிர், ஒரு நாள் முடங்கிக் கிடக்க வேண்டி வருவது எல்லாவற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் 1350. மூன்று பாட்டில், தலைக்கு 450, ஆளுக்கு ஒன்று சுமந்தால் கணக்கு சரி. பனியை உருக்கித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றால் செலவு இரு மடங்கு ஆகும், ஆகஸ்டில் உங்கள் பாதையில் ஓடைகள் இருப்பதால் அந்தத் தேவை வராது. ஆனால் 87 டிகிரி கொதியில் துவரம்பருப்பு வேகுமென்று எதிர்பார்க்காதீர்கள், எரிபொருள்தான் தீரும். அவல், ரவை, சேமியா எடுத்துக்கொண்டால் இந்த 1350 தாராளம்.

600 மி.லி. பாட்டிலில் ஏன் 450? இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 560 மி.லி. ஊற்றினீர்கள் என்று வையுங்கள். மேலே 40 மி.லி. காற்றுதான் மிச்சம். இந்த எண்ணெய்கள் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விரியும். காலையில் 5 டிகிரியில் மூடியது மதிய வெயிலில் 25 டிகிரி ஆனால் விரிவு 11 மி.லி. மேலிருக்கும் காற்றை 40லிருந்து 29 மி.லி. இடத்துக்குள் நெருக்கிவிடும். சூட்டால் ஏறும் அழுத்தத்தைச் சேர்க்காமலேயே உள்ளழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். 450 மட்டும் ஊற்றியிருந்தால் விரிவு 9 மி.லி., 150 மி.லி. காற்று அதை உணர்வதுகூட இல்லை. இதற்கு மேல், பம்ப்பை மாட்டும்போது அதன் உடலும் பாட்டிலுக்குள் இறங்கி இடம் பிடிக்கும். நிறைந்த பாட்டிலில் பம்ப்பைத் திருகினால் கழுத்து வழியே எண்ணெய் வழிந்து கையெல்லாம் ஆகும்.

அந்தக் காலி இடம்தான் அடுப்பின் ஸ்பிரிங் என்று சொல்ல வேண்டும். நாம் பம்ப் அடிப்பது காற்றை அதில் அழுத்தி வைக்கத்தான். இடம் குறைவாக இருந்தால் நாலு அடியிலேயே பம்ப் இறுகும், கொஞ்சம் எண்ணெய் செலவானதும் அழுத்தம் சடாரென்று இறங்கித் தீ சோர்ந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். போதிய இடம் இருந்தால் 15, 20 அடிக்கு நெடுநேரம் ஒரே சீராக எரியும். பாட்டிலில் நிரப்பும் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடே முடிவு, என் கணக்கு அதற்குக் கீழ்ப்பட்டது.

பழைய பாட்டிலை இப்போது கையில் எடுங்கள். வெளியே நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக அடி விளிம்பிலும் கழுத்திலும். கீறல் பரவாயில்லை, மடிப்பு விழுந்த நசுங்கல் இருந்தால் அந்தப் பாட்டிலைப் பம்ப் அடிக்கப் பயன்படுத்தக் கூடாது. கழுத்துக்குள் விரலை விட்டு மரையைத் தடவுங்கள், பிசிறு தட்டக் கூடாது. மூடியின் ஓ-ரிங்கைப் பின்னூசியால் அல்லாமல் நகத்தால் நெம்பி எடுத்து, இரண்டு விரலால் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது வெடித்த ரப்பர். தட்டையாகிப் போயிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு தண்ணீர்க் குழாய் ரிங்கைப் போடாதீர்கள், எண்ணெயில் ஊறிப் பருக்கும். அடுப்புக் கம்பெனியின் உதிரிப்பாகப் பெட்டியில் வருவதே வேண்டும், இரண்டு செட் வாங்கி ஒன்றைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப்புக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருந்தால் அடிக்கும்போது காற்று நழுவும். எண்ணெய் விட வேண்டும், ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துபோகும், மலையில் பம்ப் மெழுகு பிடித்த மாதிரி நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

பிறகு செய்தித்தாள் சோதனை. மொட்டை மாடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, 450 மி.லி. மண்ணெண்ணெய் ஊற்றி மூடிய பாட்டிலை அதன் மேல் தலைகீழாக, செங்கல் இரண்டுக்கு நடுவே நிறுத்தி, மழை படாமல் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எள்ளளவு கசிந்திருந்தாலும் அந்த இடம் எண்ணெய்த்தாள் மாதிரி கண்ணாடியாகத் தெரியும். மூன்று பாட்டிலுக்கும் இதைச் செய்யுங்கள். மூடியைக் கைக்கு எட்டிய இறுக்கத்துக்கு மேல் முறுக்கி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அளவான இறுக்கத்தில் கசிகிற மூடி, அதிக இறுக்கத்தில் ரிங்கை நசுக்கி மூன்றாம் நாள் கசியும்.

மச்சானின் தண்ணீர் பாட்டில் யோசனைக்கு வருகிறேன். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கை மண்ணெண்ணெய் கரைத்துவிடாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். அந்தப் பாட்டிலின் சுவர் தாள் கனம், கல்லில் பையைச் சாத்தினால் கிழியும். மூடி தண்ணீருக்குச் செய்யப்பட்டது. தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் என்றால், பெட்ரோல் அதன் சுவரில் ஊறி வெளியே மணக்கும், கேன் உப்பும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, அது தண்ணீர் பாட்டில் மாதிரியே இருக்கிறது என்பதுதான். மலையில் ராத்திரி தொண்டை வறண்டு எழுவீர்கள். இருட்டில் கை தடவும், நிறமில்லாத திரவம், பழகிய பாட்டில். ஒரு மடக்கு உள்ளே போனால் போதும். அலுமினியத்தில் வரும் தண்ணீர் பாட்டிலும் இதே காரணத்துக்காக வேண்டாம், அது அழுத்தம் தாங்கவும் செய்யப்பட்டதல்ல.

சரியான பாட்டிலிலும் இந்தக் குழப்பம் வராதபடி அதன் கழுத்தில் சைக்கிள் டியூப் ரப்பரை இரண்டு சுற்று இறுக்கிப் போடுங்கள், இருட்டில் கைக்குத் தெரியும். பெயின்ட் மார்க்கரால் "மண்ணெண்ணெய், குடிக்காதே" என்று தமிழில் எழுதுங்கள். லேயில் யாரிடமாவது சொல்லி இந்தியிலும் எழுதி வாங்குங்கள், குதிரைக்காரர் கூட வருவாரானால் அவருக்கும் நேரில் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

அப்படியும் யாராவது குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் ஊரில் முதலில் செய்வது அதைத்தான், அதுதான் உயிருக்கு உலை வைக்கும். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்யும் கேடு பெரியது, வாந்தி வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, உட்கார வைத்து, இருமலோ மூச்சுத் திணறலோ தொடங்குகிறதா என்று பார்த்தபடியே கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இருமல் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

சூடேற்றுவதற்கென்று எடுத்துப்போகும் ஸ்பிரிட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்துக்கு 100 மி.லி. போதும். அது தடித்த சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கலாம், அலுமினியத்தில் வேண்டாம். அடுப்புக்கென்று விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால்தான் செத்தார்கள். குடித்தவர் முதலில் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார், பிறகுதான் கண் மங்கும். ஆகவே அந்தச் சின்ன பாட்டிலிலும் பெயர் எழுதி ரப்பர் போடுங்கள். ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் ஓடி, கையில் இருப்பது தீப்பந்து ஆகிவிடும். எப்போதும் ஒரு டீஸ்பூனில் அளந்து, பாட்டிலை மூடி எட்ட வைத்துவிட்டு, பிறகே கிண்ணத்தில் விட வேண்டும். ஒருமுறை விட்டது போதவில்லை என்றால் கிண்ணம் தொடும்படி ஆறும்வரை காத்திருங்கள்.

நடக்கும்போது பம்ப்பைப் பாட்டிலில் மாட்டியபடி கொண்டுபோகாதீர்கள். பையின் நெருக்கத்தில் வால்வுக் குமிழ் திரும்பினால் அழுத்தத்தோடு இருக்கும் எண்ணெய் பை முழுக்கப் பீய்ச்சும், பிளாஸ்டிக் பம்ப் உடைந்தாலும் அதே கதி. சமைத்து முடிந்து அடுப்பு ஆறிய பிறகு, தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, முகத்தை விலக்கி, பம்ப்பை மெல்லத் திருகுங்கள். "உஸ்" என்று காற்று இறங்கும். அந்தச் சத்தம் ஓயும்வரை கை நிற்க வேண்டும், ஓய்ந்த பிறகே முழுதாகக் கழற்றி மூடியைப் போட வேண்டும். இந்த உஸ்ஸோடு கொஞ்சம் எண்ணெய் ஆவியும் வருகிறது, அதனால்தான் தீ எட்டத்தில் இருக்கச் சொல்கிறேன்.

மூடிய பாட்டிலைப் பையின் வெளிப்பக்கப் பாக்கெட்டில், நேராக நிமிர்த்தி, வாரால் கட்டுங்கள். பையின் உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் பழைய பனியன் துணியில் சுற்றி, தடித்த பாலிதீன் பையில் கட்டி, அடியில் வையுங்கள், உணவு எப்போதும் அதற்கு மேலே. கசிவு கீழ்நோக்கித்தான் போகும். வாடையோ எல்லாப் பக்கமும் போகும், பாலிதீன் அதைத் தடுக்காது. மண்ணெண்ணெய் வாடை ஏறிய ரவையைக் கொட்டத்தான் வேண்டும்.

லே நகரம் 3500 மீட்டரில் இருக்கிறது. அங்கே மூடிய பாட்டிலோடு 5000 மீட்டர் கணவாய் ஏறினால் வெளியே காற்று மெலிந்திருக்கும், உள்ளே இருக்கும் காற்று மூடியைத் தள்ளும். பெரிய விசை இல்லை, ஆனால் சரியாக உட்காராத ரிங் ஒன்றைக் காட்டிக்கொடுக்க அது போதும். கணவாய் ஏறும் நாள் காலையில் மூன்று மூடிகளையும் ஒருமுறை லேசாகத் திறந்து காற்றை விட்டு மூடுங்கள், உச்சியில் பாட்டிலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

முகாமில் எண்ணெய் மாற்றுவது எப்போதும் கூடாரத்துக்கு வெளியே, எரியும் எதிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு எட்டுத் தள்ளி, பாட்டில் தரையில் நிற்க. லடாக்கின் காற்றில் ஈரம் குறைவு. ஃபிளீஸ் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதை முதல் ராத்திரியே பார்ப்பீர்கள். அந்தப் பொறிக்கு மண்ணெண்ணெய் அசையாது, ஆனால் ஸ்பிரிட் பிடிக்கும். ஆகவே பாட்டிலைத் திறக்கும் முன் தரையையோ கல்லையோ வெறுங்கையால் தொட்டுவிடுங்கள். கையில் சிந்தினால் உடனே துடையுங்கள். குளிர்ந்த எண்ணெய் தண்ணீரைப் போல உறைவதில்லை, சுற்றுப்புறத்தின் அதே குளிரில் திரவமாகவே இருந்து தோலைச் சுடும். சட்டையில் ஊறினால் அதை மாற்றிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் வர வேண்டும். எரியும்போது பாட்டில் காற்றுத் தடுப்புக்கு வெளியே, குழாய் நீட்டும் தூரத்துக்கு எட்டி இருக்கட்டும், தடுப்புத் தகடு அதைச் சேர்த்து வளைக்கக் கூடாது. அவ்வப்போது பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் வால்வை மூடிவிட வேண்டும். சிந்தியது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய் மிதந்து பரவும். மண்ணை அள்ளிப் போடுங்கள்.

விமானத்துக்கு வருவோம். எரிபொருள் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. பயன்படுத்திய அடுப்பும் பாட்டிலும், விமான நிறுவனம் முன்னதாக அனுமதித்தால், செக்-இன் பையில் மட்டும் போகலாம். சர்வதேச விதி கேட்பது இது: எரிபொருளை ஒரு மணி நேரமாவது வடிய விட வேண்டும், பிறகு மூடி இல்லாமல் 6 மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். அல்லது சமையல் எண்ணெய் ஊற்றிக் கலக்கிக் கவிழ்க்க வேண்டும், மீதமிருக்கும் எரிபொருள் எளிதில் பற்றாதபடி ஆகிவிடும். அதன் பின் மூடி, உறிஞ்சும் தாளில் சுற்றி, பாலிதீன் பையில் கட்ட வேண்டும். மண்ணெண்ணெய் 6 மணி நேரத்தில் காய்ந்துவிடாது. வடித்த பின் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு மூன்று முறை குலுக்கிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்துங்கள். மூக்கை வைத்தால் வாடை வரக் கூடாது, சோதனை அதிகாரியின் மூக்கும் அதையேதான் பார்க்கும். விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை அச்சிட்டு எடுத்துப்போங்கள். மொட்டை மாடிச் சோதனையில் கூடுதலாக வாங்கும் இரண்டு பாட்டிலையும் நனைக்கப் போகிறீர்கள், ஆகவே கிளம்பும் முன் மூன்றையும் இப்படியே கழுவுங்கள். தீப்பெட்டியையும் ஸ்பிரிட்டையும் லேயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை ரயிலுக்கு மாறினாலும் எரிபொருள் கூடாது என்பதில் மாற்றமில்லை, ரயில்வே சட்டப்படி சிறை வரை போகும் குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் செத்தார்கள்.

வால்பாறை வேண்டாம் என்றேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவது வனச்சட்டப்படி குற்றம், சின்ன அடுப்புக்கும் விலக்கு இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் மாண்டார்கள். காய்ந்த புல்லில் ஓடும் தீயை நம் கால்கள் முந்த முடியாது. மொட்டை மாடியில் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு முறை பற்றவைத்து, அணைத்து, உஸ் சத்தம் கேட்டு, பம்ப்பைக் கழற்றி மூடி போட்டுப் பழகுங்கள். மச்சானும் செய்யட்டும். ஒரே ஒருவருக்குத் தெரிந்த அடுப்பு, அவருக்குத் தலைவலி வந்த ராத்திரி யாருக்கும் உதவாது.

திரும்பும்போது மிச்ச மண்ணெண்ணெயை மண்ணிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே கிராமத்தில் குடிக்கிறார்கள். விடுதிக்காரரிடம் இது மண்ணெண்ணெய் என்று சொல்லிக் கொடுத்தால் புகாரிக்கு ஆகும். லேயிலிருந்து கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், ஆகவே கழுவி உலர்த்தும் வேலையை அன்று காலைக்கு வைக்காதீர்கள். முந்தைய நாள் மதியத்துக்குள் கழுவி, மூன்று பாட்டிலையும் மூடி இல்லாமல் வெயிலில் வைத்துவிடுங்கள்.